வுழூத் தண்ணீர் குடித்த புளியாரை

எங்கள் கிணற்றடியில் மஞ்சள் பூப் புளியாரை கேட்பாரில்லாமல் முளைத்துக் கிடக்கும். பிடுங்கிப் பிடுங்கி எனக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அதனால் என் மூத்த சகோதரி ராத்தாவின் புருஷன், மச்சான், மலைநாட்டிலிருந்து ஊதா நிறத்தில் அதே சாதிச் செடியொன்றை முட்டைக்கோவா இலையில் சுற்றிக் கொண்டுவந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிடுங்கி எறிகிற புல்லை லொறியில் ஏற்றிவந்த ஒரே மனிதர் அவர்தான் என்று கேலி செய்தேன்.

மச்சான் மரக்கறி லொறி ஓட்டினார். ராத்தாவுக்கென்று அவர் கொண்டுவந்த செடி அது. மண்சாடியில் நட்டுக் கிணற்றடி நிழலில் வைத்தார். பொழுது சாய்ந்தால் இலைகள் மடங்கித் தொங்கும். "பாத்தியா, மஃரிபுத் தொழுகைக்கு முக்காடு போடுது" என்பார். ராத்தா வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

அந்த லொறி மலை வளைவில் புரண்டு மச்சான் மௌத்தானார். ராத்தா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு அடங்கியிருக்கும் அந்தக் காலத்தை எங்கள் வீட்டில் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். உள்ளறை, சாத்திய ஜன்னல், வாசலில் திரை. கிணற்றடிக்குக்கூட அவளை விடவில்லை. பிள்ளையுமில்லை அவளுக்கு. அழவுமில்லை, சாப்பிடவுமில்லை. அவள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றைத்தான்.

"அந்தச் சாடிய உள்ளுக்கக் கொண்டு வா புள்ள. வெளியில ஆரு பாக்கப் போறா?"

கொண்டுபோய் வைத்தேன். அதன் பிறகு கொஞ்சம் சோறு தின்றாள். உம்மாவுக்கு உயிர் வந்தது. அந்தச் செடி இருக்கும் வரைதான் இவளும் இருப்பாள் என்று எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி ராத்தா வுழூ செய்ய அறைக்குள்ளேயே ஒரு பேசின் வைத்திருந்தோம். வுழூ செய்த தண்ணீரைக் கால் படும் இடத்தில் ஊற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வெளியே இருந்தால் தென்னை மூட்டில் ஊற்றுவோம். அறைக்குள் தென்னைக்கு எங்கே போவது? ஒவ்வொரு தொழுகைக்கும் சாடியில் ஊற்றினாள். ஆறுதல் சொல்ல வந்து, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கதைத்துப் போன பெண்களும் தொழும் நேரம் வந்தால் அதையே செய்தார்கள்.

"சாடிக்க ஊத்தாதீங்க மாமி, சேறாகிட்டு" என்று ஒருநாள் வாப்பாவின் தங்கச்சியிடம் எரிந்து விழுந்தேன்.

"அருளுள்ள, பறக்கத்தான தண்ணி புள்ள. அதக் குடிச்சா கெட்டா போகும்?"

சாடியைச் சரித்து மேலே நின்ற தண்ணீரை வடித்தேன்.

இலைகள் வெளுத்தன. தண்டுகள் ஜன்னல் இடுக்கைத் தேடி நீண்டு துவண்டன. வாடுகிறதே என்று ராத்தா இன்னும் ஊற்றினாள். ஒருநாள் காலையில் ஒரு தண்டுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கிழங்குகள் கூழாகி நாறின.

"அவர் வெச்சது. இதுவும் போனா எனக்கு என்ன கிடக்கு?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். வைத்த சோறு அப்படியே காய்ந்தது. நாற்றம் தாங்காமல் உம்மா சாடியை வெளியே கொட்டச் சொன்னா. கிடுகு வேலியோரம் மணலில் கொட்டினேன். மாமி மீது வந்த கோபத்தில் சாடியையும் போட்டு உடைத்தேன். பிறகு உம்மாதான் ராத்தாவின் தலையை மடியில் வைத்து, நாளுக்கு நாலு வாய் கஞ்சி புகட்டி அவளை இத்தா முடியும் வரை கொண்டுவந்து சேர்த்தா.

இத்தா முடிந்து குளிக்க வந்தவள் வேலியருகே நின்றுவிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் தண்ணீர் ஊற்றாத வெறும் மணலில், ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே, சின்னதாக ஊதா இலைகள். அழுகாத ஒரு கிழங்காவது அதற்குள் இருந்திருக்க வேண்டும்.

ராத்தா குந்தியிருந்து அதைத் தொட்டாள். இவ்வளவு நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

"பொறு, வேற சாடி எடுத்துட்டு வாறன்" என்றேன்.

"வேணாம். இத உள்ளுக்கக் கொண்டு வராத. உள்ளுக்க இரிக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்."

அன்று பொழுதுபடும் வரை அவள் அங்கிருந்து அசையவில்லை. மஃரிபு பாங்கு கேட்டது. உம்மா கூப்பிட்டா. இலைகள் மடங்கும் வரை பார்த்திருந்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ராத்தா உள்ளே போனாள்.