நிமிர்ந்து பார் என்று நான் சொன்ன படம்

“…சோறு தாறியள், ஓம். அதுக்குப் பிள்ளையளின்ரை முகத்தை ஏன் எடுக்கிறியள், ஐயா?” கமராப் பையோடு நான் அந்தச் சிறுமியர் இல்லத்துக்குள் கால் வைத்தபோது, நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிற உத்தியோகத்தரின் குரல்தான் முதலில் கேட்டது. இல்லத்துத் தலைவர் மண்டப வாசலை மறித்தபடி நின்றார். உள்ளே சோற்றுக் கிடாரம். சுவரில், லண்டனில் இருக்கும் ஒரு குடும்பம் தகப்பனின் நினைவு நாளுக்கென்று அடிப்பித்த பதாகை. மிஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். எப்போதும் அப்படித்தான். “சொல்லிப்போட்டு வந்தால் கூட்டின முற்றத்தைத்தான் பாக்கலாம்” என்பார்.

அந்த நாட்களில் கரவெட்டியில் என் ஸ்ரூடியோவுக்கு வந்த வேலையில் பாதி இதுதான். வெளிநாட்டில் ஒரு வீட்டில் பிறந்தநாளோ திவசமோ வந்தால், இங்கே ஓர் இல்லத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. பிள்ளைகள் பதாகைக்குக் கீழே வரிசையாக நிற்பார்கள், சோறு ஆறிக்கொண்டிருக்கும், நான் படம் எடுப்பேன். அன்றைக்கே அது இல்லத்தின் முகநூலில் ஏறிவிடும். அதில் பிழை இருக்கிறதென்று எனக்குத் தோன்றியதே இல்லை. படம் எடுக்க யாரிடமும் படித்தவனல்ல நான். ஆட்களோடு கதைத்துச் சிரிக்கவைப்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அதையும் புண்ணியக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

மிஸ், சிறுவர் உரிமைகளைக் கண்காணிக்கும் ஒரு சுயாதீன அமைப்பின் உத்தியோகத்தர். இல்லங்களை நடத்துகிறவர்களுக்கும் சரி, அவற்றுக்கு அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கந்தோர்களுக்கும் சரி, அவர் கட்டுப்பட்டவரல்ல. போகிற இடமெல்லாம் தொலைபேசி இலக்கத்தைச் சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவிட்டு வருவார். அந்த இலக்கத்துக்குத்தான் ஒரு பிள்ளை கதைத்திருந்தாள். போன மாதம் நான் எடுத்த படம் வகுப்பில் ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறது. தாய் வெளிநாட்டில் இருக்கிறா என்று சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு “ஓசிச்சோறு” என்று பட்டம் வைத்துவிட்டார்கள். கணக்கில் முதலாவதாக வருகிறவள், ஒரு கிழமையாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்றைக்கும் வரிசையில் நிற்கச் சொன்னால் இனிப் போகவே மாட்டேன் என்றிருக்கிறாள்.

தலைவர் விடவில்லை. “அடி இல்லை, பட்டினி இல்லை, ஒரு படத்துக்கே முறைப்பாடு? படம் போகாட்டி அடுத்த முறை ஆர் சாப்பாடு தருவினம், மிஸ்? நீங்கள் வந்து காய்ச்சி ஊத்தப்போறியளோ?” அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பிள்ளைகள் பாயசமும் பப்படமும் கண்டது இப்படியான நாட்களில்தான். மிஸ் குரலை உயர்த்தவில்லை. “அது பெரியாக்கள் நாங்கள் படவேண்டிய கவலை, ஐயா. பிள்ளையளின்ரை தலையிலை வையாதேங்கோ.” தலைவர் யாரோ ஒரு பெரிய இடத்துக்கு அழைப்பெடுத்து, கைபேசியை அவரிடம் நீட்டினார். மிஸ் பொறுமையாகக் கேட்டார். “ஓம் சேர், விளங்குது. நீங்கள் கதைச்சதையும் என்ரை அறிக்கையிலை எழுதிவிடுறன்.” அந்தப் பக்கம் உடனே வைத்துவிட்டார்கள். தலைவரின் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன்.

மிஸ் முதலில் பிள்ளைகளைச் சூட்டோடு சாப்பிடவிட்டார். பிறகு எங்களை வெளியே நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்டார். புது ரிபன் கட்டியிருந்த ஒரு குஞ்சு மட்டும் தனக்குப் படம் வேண்டும் என்றதாம். “எடுத்து, பிரின்ற் போட்டு, அவவின்ரை கையிலை குடுங்கோ. முகநூலுக்கு இல்லை” என்றார் என்னிடம். தலைவர் முணுமுணுத்தபடி பழைய படங்களை அங்கேயே நீக்கினார். “பரவினதை அள்ளேலாது, பள்ளிக்கூடத்தோடை கதைக்கலாம்” என்று சொல்லி, மறுநாள் காலை அதிபரிடமும் மிஸ்தான் போனார்.

படம் இல்லையென்று சாப்பாட்டை நிறுத்தியவர்களும் உண்டு. லண்டன் குடும்பம் நிறுத்தவில்லை; பதாகையையும் நிறைந்த கிடாரத்தையும் எடுத்து அனுப்புகிறேன், அதுவே போதும் என்கிறார்கள். இன்று நான் போகிற இல்லங்களில் பிள்ளைகள் தாங்களே, “அண்ணை, முகம் விழாமல் எடுங்கோ” என்கிறார்கள். இதெல்லாம் எங்கள் பகுதியில் ஒரு பெண் தனியாக நின்று செய்த வேலை என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பிள்ளை அடுத்த திங்களே பள்ளிக்கூடம் போனாள்; இப்போது பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அன்று எல்லோரும் கை கழுவிய பிறகு மிஸ் என்னிடம் போன மாதம் எடுத்த அந்தப் படத்தைக் கேட்டார். கமராவில் அழிக்காமல் கிடந்தது. முதல் படத்தில் அவள் குனிந்து நின்றாள், முகமே தெரியவில்லை. அடுத்ததில் நேராகப் பார்த்தாள். இடையில் நடந்தது எனக்கு நினைவிருந்தது. “நிமிந்து பார் பிள்ளை, வடிவாச் சிரி எண்டு நான்தான் சொன்னனான், மிஸ்” என்றேன். மிஸ் ஏசவில்லை. “இதை எனக்குச் சொல்லி என்ன? பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ” என்று அவளைக் கூப்பிட்டார். சொன்னேன். அவள் கமராவைக் காட்டி, “நானே அழிக்கட்டோ?” என்று கேட்டாள். மிஸ் கமராவை என் கையிலிருந்து வாங்கி, பட்டியை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, தலைவரும் நானும் எட்டிப் பார்க்க முடியாதபடி எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.