கேட்டில் நின்ற கரி பஸ்

அன்றைக்கு பஸ்ஸில் மாமா இருந்தார், கண்டக்டர் இருந்தார், நான் இருந்தேன். ராயபுரத்தில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கடைசி சீட்டில், எப்போதும் உட்காரும் இடத்தில், ஏழு மாத வயிற்றோடு மாமாவின் மனைவி, என் அத்தை, இருந்தாள். பஸ் முதலாளி இல்லை. அவர் ராயபுரத்தில் தம் கரிக்கடையில் இருந்தார். கடல்காற்றும் இல்லை. மழைக்காக இரண்டு பக்கமும் கித்தான் திரையை இறக்கிக் கட்டியிருந்தோம்.

மாமா வீட்டுக் கூரை எறவாணத்தில் ஒரு முழ நீள இரும்புக் குழாய்த் துண்டு இன்றைக்கும் செருகியிருக்கிறது. ஒரு முனை நல்ல குழாய்தான். மறுமுனை அப்பளம் மாதிரி. விரல் பட்டால் உதிரும். அதைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காத்திவாக்கத்து எங்கள் குடும்பத்தில் துடுப்பை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆள் என் அம்மாவின் தம்பியான அந்த மாமா. பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். இரண்டு பேருக்கும் குப்பத்தில் கொஞ்சம் மதிப்பு, நிறையக் கேலி.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் முதலாளி பஸ்ஸின் பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்தினார். மேலே சவுக்குக் கரியைக் கொட்டி, கீழே கந்தல் வைத்துக் கொளுத்தி, கைப்பிடி போட்ட விசிறியைச் சுற்றினால் கரி கனன்று ஒரு வாயு வரும். ஈரத் தேங்காய் நார் அடைத்த பெட்டிக்குள் புகுந்து தூசியை அங்கே விட்டுவிட்டு, குழாய் வழியாக சீட்டுகளின் அடியில் ஓடி, முன்னால் இருக்கும் எஞ்சினுக்குப் போகும். காலையில் வெகுநேரம் சுற்றினால்தான் வண்டி உயிர்க்கும். "இது பஸ்ஸு இல்ல நைனா, என் மாமியாரு. விசிறிவுட்டாத்தான் எய்ந்திருக்கும்" என்பாள் மீன்கார அம்மாள் ஒருத்தி. மாமா கோபித்துக்கொண்டதில்லை. வண்டி ஓடும்போது பின்னால் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடிக்கச் சொல்லி, அது வெள்ளையாகவே இருப்பதை எல்லோருக்கும் காட்டுவார். "பாத்துக்கோ, பொகையும் இல்ல நாத்தமும் இல்ல. இன்னா சுத்தமா கீது!" பெட்ரோல் பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து தொண்டை எரிந்தவர்கள் நாங்கள். துண்டை நம்பினோம். நானும் காலேஜில் இந்தப் பெருமையைப் பேசியிருக்கிறேன்.

நார் காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல தண்ணீராக ஊற்றுங்கள் என்று, அடுப்பைப் பொருத்த வந்த மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் குப்பத்தில் நல்ல தண்ணீர் என்பது பெண்கள் தொலைவிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வருவது. அதில் ஒரு டின்னை அடுப்புக்கு ஊற்ற மாமாவுக்கு மனம் வரவில்லை. "புள்ளத்தாச்சி இடுப்புல தூக்கினு வர்ற தண்ணிய நெருப்புக்கா ஊத்தறது?" என்று கேட்டார். கடல் எதிரே இருந்தது. டின்னில் மொண்டு நாரின்மேல் ஊற்றினார். இதில் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் படவில்லை. மரமும் கயிறும் வலையும் எங்கள் பிழைப்பு. அவை பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில்தான் கிடக்கின்றன. இரும்போடு எங்களுக்குப் பழக்கம் இல்லை.

மழைக்காலம் தொடங்கித் திரையை இறக்க ஆரம்பித்ததும் தலைவலி வந்தது. மீன் வாடை என்றாள் ஒருத்தி. ஈரம் என்றாள் இன்னொருத்தி. டீ குடிக்காத வலி என்றார் கண்டக்டர். அத்தை வயிற்றைக் காட்டி, இதனால்தான் என்றாள். எண்ணூர்ப் பக்கம் இறங்கிக் காற்று முகத்தில் அடித்ததும் விட்டுவிடும், அதனால் வீடு சேரும்போது மறந்துபோகும். மாமா மறக்கவில்லை. ரோட்டைப் பார்ப்பதைவிடக் கண்ணாடியில் கடைசி சீட்டைப் பார்ப்பது அவருக்கு அதிகமாயிற்று. இறங்குகிற ஒவ்வொருவரையும் தலை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "ஓடறப்ப ஒண்ணியும் இல்லடா. ரயில் கேட்ல நின்னாத்தான் வலிக்கிது" என்றார். இருவரும் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து புகையைத் தேடினோம். புகையே இல்லை.

அன்றைக்குத் திருவொற்றியூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி பாதியில் நின்றுவிட்டது. மாமா எஞ்சினை நிறுத்தினார். நெருப்பு அணைந்துவிடாமல் கண்டக்டர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியே நின்று விசிறியைச் சுற்றினார். உள்ளே கதகதப்பாக இருந்தது. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போன ஒரு வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. எனக்குக் கண் சொருகியது, அது சுகமாகவும் இருந்தது. மீன்காரிகள் பேசாத பஸ்ஸை மாமா பார்த்ததே இல்லை. அதுதான் அவரைத் திரும்பவைத்தது. "இன்னாமே" என்று அத்தையைக் கூப்பிட்டார். பதில் இல்லை. நான் எழப் பார்த்தேன், முழங்கால் கேட்கவில்லை. அவர் ஒரு கூடையிலிருந்து மீன் கத்தியை எடுத்துத் திரைக் கயிறுகளை அறுத்தார். மழை உள்ளே கொட்டியது. அத்தையை அள்ளிக்கொண்டு போய்த் தண்டவாள ஓரச் சேற்றில் கிடத்தினார்.

"எய்ந்திருமே. எய்ந்திரு. நான் கூப்பிடறன் இல்ல."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அத்தை வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "எதுக்கு என்னிய மயைல போட்டுகீற?" என்று கேட்டாள். தள்ளாடி இறங்கி நின்ற பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள். மாமா இரண்டும் செய்யவில்லை. அவள் வயிற்றில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே அசைவே இல்லை. மறுநாள் உச்சிவேளைக்குத்தான் அசைந்தது. அதுவரை அவர் அந்தக் கையை எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

மெக்கானிக் வந்து கடைசி சீட்டின் அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். நார்ப் பெட்டியை ஒட்டிய குழாய் அரித்துப் போயிருந்தது. ஓடும்போது எஞ்சின் வாயுவை இழுத்துக்கொள்ளும், அதனால் வெளியே வராது. நிற்கும்போது விசிறி தள்ளுகிற வாயு ஓட்டை வழியாகப் பலகை இடுக்கில் ஏறும், வாடையே இல்லாத விஷம் அது என்றார். துருவை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். என்ன தண்ணீர் ஊற்றினாய் என்று அவர் கேட்கவே இல்லை. கடல் தண்ணீரின் உப்புதான் குழாயை அரித்தது என்று அத்தையிடம் மாமாதான் போய்ச் சொன்னார். "எனக்கோசரம்தான ஊத்துன" என்றாள் அவள்.

பெண் பிறந்தாள். நடை தாமதம், பேச்சும் தாமதம். இப்போது எட்டு வயது; ஞாயிறுதோறும் நான்தான் எழுத்துச் சொல்லித் தருகிறேன். போன வாரம் வந்த எழுத்து இந்த வாரம் வருவதில்லை. சில குழந்தைகள் அப்படித்தான் என்கிறார்கள். நீயே மூன்று வயதில்தான் பேசினாய் என்கிறாள் அம்மா. அதுவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் கேட்கலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறேன். மாமாவும் நினைப்பார் போலும். இரண்டு பேரும் கேட்கவில்லை.

பெட்ரோல் திரும்பி வந்ததும் கரி அடுப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். இப்போது திருவொற்றியூர் ரோட்டில் டீசல் பஸ்கள் கறுப்பாகக் கக்கிக்கொண்டு போகின்றன. எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கும் எரிகிறது. ஆனால் நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாததற்கு. நிற்கிற பஸ்ஸில் யாராவது திரையை இறக்கினால் ஏற்றிவிடுகிறேன், ஏச்சு வாங்குகிறேன். மாமா இன்னும் பஸ் ஓட்டுகிறார். கேட் மூடினால் மழையானாலும் எல்லோரையும் கீழே இறக்கிவிடுவார். கிறுக்கன் என்று அவருக்குப் பெயர்.

போன ஞாயிறு பெண் எறவாணத்திலிருந்து அந்தக் குழாயை உருவிவிட்டாள். அவள் கை முழுக்கத் துரு.

"இது இன்னா நைனா?"

"பஸ்ஸு பைப்பு. ஓட்டையாயிடுச்சி."

வார்த்தை சேர அவளுக்கு நேரம் ஆகும். காத்திருந்தோம்.

"புச்சு போட்டியா?"

"போட்டன்."

"எவ்ளோ ஆச்சி?"

மாமா அவள் கையைத் தன் துண்டால் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடித்த பிறகுதான் சொன்னார்.

"மூணேகால் ரூபா."