மாட்டாஸ்பத்திரி கைராசி

என் அண்ணன் மாட்டாஸ்பத்திரியில் அட்டெண்டர். அதுவே எம்.பி.பி.எஸ். படித்த மாதிரி என்று அவனுக்கு நினைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, தினமும் இன்சுலின் போடவேண்டும் என்று டாக்டர் சொன்னதுமே, "எவன் கிட்டயும் போவாதீங்க, நானே போடறேன்" என்று கிளம்பிவிட்டான்.

போட்டானே, அந்த அழகைச் சொல்லவேண்டும்! மெடிக்கலில் மெல்லிய ஊசியை நீட்டினால், "இது கொசுக்கடி. மருந்து உள்ள போவாது" என்று நீளமாக, தடியாகக் கேட்டு வாங்குவான். அதையும் வெந்நீரில் போட்டுப் போட்டுப் பதினைந்து நாள் ஓட்டுவான். முனை மழுங்கி, தோலில் இறங்காமல் முரண்டு பிடிக்கும். அண்ணன் விடுவானா, அழுத்துவான். தொடையில் தினமும் அதே இடம்.

அம்மா "ஐயோ" என்றால் போதும். "எத்தன மாட்டுக்குப் போட்டிருக்கேன், ஒண்ணாவது கத்திச்சா? கிரிவலம்னு பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல மலைய சுத்தற, ஒரு ஊசிக்கு அழுவுற!"

மாட்டை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்ததை மட்டும் சொல்லமாட்டான். நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றேன். இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அம்மா ஏமாற்ற ஆரம்பித்தாள். ஊசி நேரத்தில் கோயிலுக்குப் போய்விடுவாள். கேட்டால், "நர்சம்மா போட்டுட்டாங்கப்பா" என்பாள். இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடி, ஒருநாள் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொடையைத் தடவிப் பார்த்தார். தோல் தடித்துக் கட்டி தட்டியிருந்தது. "யாருங்க இப்படிப் போட்டது? இதுல போட்டா மருந்து சரியா ஏறாது. இப்படியே விட்டா சர்க்கரை ஏறி காலையே எடுக்கவேண்டி வந்துடும்."

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே எதையோ வேடிக்கை பார்த்தான். வீரன்!

டாக்டரம்மா குட்டையான, முடி போல மெல்லிய ஊசிகளைக் கொடுத்து, தினமும் புதிதாக, இடம் மாற்றி மாற்றிப் போடச் சொல்லித் தந்தார். வீட்டில் நான் கையில் எடுத்ததுமே, "அது உள்ள போவாதுனு சொல்றேன்ல" என்று வந்து நின்றான்.

"வெளிய போடா" என்றேன். அண்ணனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வயிற்றில் மெல்லக் குத்தி, மருந்தை இறக்கி, ஊசியை எடுத்தேன்.

"சீக்கிரம் போடுடி, எப்ப போடப் போற?"

"போட்டாச்சும்மா."

நம்பாமல் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"இத்தன வருஷமா நான்தான் கோழைனு நெனச்சிட்டிருந்தேன்டி."