நாற்பத்தேழு வயதில் மருத்துவிச்சியிடம்

சிவாஜினியின் கத்தரிக்குப் பாரிஸின் லா ஷப்பலில் நல்ல பெயர். பிலிப்-து-ஜிரார் தெருவில் இராஜதுரையின் புடவைக் கடைப் பின்னறையில் பதினெட்டு வருடமாக ரவிக்கை தைக்கிறாள். யாருடைய அளவையும் எழுதி வைத்ததில்லை. ஒருமுறை நாடா பிடித்தால் மனதில் நிற்கும். அந்த மனதுதான் இந்த வருடம் காலை வாரியது. ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக்கு மாமியாரின் அளவில் கை வெட்டிவிட்டாள்.

அத்தோடு போகவில்லை. மாசிக் குளிரில் நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறும். அவள் யன்னலைத் திறப்பாள், இராஜதுரை நடுங்கிக்கொண்டே மூடுவார். காலையில் எழுந்தால் உடுப்பைப் பிழியலாம். ஒன்றுமில்லாததற்குப் புருஷன் சேந்தன் மீது எரிந்து விழுவாள். மாதவிடாய் ஒருமுறை இருபது நாளில் வரும், பிறகு இரண்டு மாதம் எட்டியும் பாராது. உடம்புச் சூடென்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். வெந்தயம் வயிற்றைக் கழுவியதுதான் மிச்சம்.

மூன்று மாதம் வராமல் போனதும் பயம் பிடித்தது. பெண்நோய் மருத்துவர்களிடம் ஆறு மாதத்துக்கு நேரமில்லை. மருந்துக்கடைப் பெண் மருத்துவிச்சியிடம் போகச் சொன்னாள்.

“நான் என்ன பிள்ளை பெறவோ போறன்?”

“பெண்களின் எல்லா வயதுக்கும் அவர்கள்தான், மதாம்.”

வெட்கம் இருந்தது. ஆனால் கத்தரியைப் போட்டுவிட்டு வீட்டில் குந்தியிருக்கிற ஆளில்லை சிவாஜினி. போனாள்.

காத்திருக்கும் அறை முழுக்க வயிற்றுப் பிள்ளைக்காரிகள். நடுவில், மூத்த மகளுடன் வந்த இந்திராதேவி. கடையின் பழைய வாடிக்கையாளர், ஊர் வம்புக்கும் பழைய ஆள்.

“மகளுக்கு ஏழு மாசம். உமக்கு?” என்றபடி சிவாஜினியின் வயிற்றைப் பார்த்தாள். பதில் சொல்வதற்குள் மருத்துவிச்சி நதாலி உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

கர்ப்பமில்லை என்று சோதனை சொன்னது. “மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு முந்திய சில வருடங்கள் இவை,” என்றாள் நதாலி. “ஹார்மோன்கள் ஏறி இறங்கும். சூடு, வியர்வை, தூக்கமின்மை, மறதி, எரிச்சல் எல்லாம் அதனால் வரலாம். நோயில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவும் வேண்டாம், சிகிச்சை உண்டு.” இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதினாள், சிகிச்சை பற்றிப் பேச மருத்துவருக்கும் ஒரு கடிதம் தந்தாள். தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்ற நிம்மதியில் சிவாஜினி அங்கேயே அழுதாள்.

அவள் மெற்றோவில் வருமுன் ‘பிள்ளைத்தாச்சி’ என்ற செய்தி கடைக்கு வந்துவிட்டது. “பாரம் தூக்காதேங்கோ, தங்கச்சி,” என்றார் இராஜதுரை. சேந்தன் தொலைபேசியில், “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?” என்றான். அவனுக்கு அப்போதே உண்மையைச் சொன்னாள். ஊருக்கு யார் சொல்வது?

சனிக்கிழமை, கடை நிறைந்த நேரத்தில், இளைய மகளின் கலியாண ரவிக்கைக்குக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டு இந்திராதேவி வந்தாள்.

“கலியாணம் ஆவணியிலை. நீர் அப்ப பிள்ளைப்பேத்திலை நிப்பீர்.”

யாருக்கோ துணைக்குப் போனேன் என்று ஒரு பொய் போதும். நாக்கு நுனிவரை வந்ததை சிவாஜினி விழுங்கினாள். பொய் சொன்னால் அடுத்த பிழையான கைக்கு என்ன சொல்வது? தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தாள்.

“அக்கா, எனக்கு வயித்திலை ஒண்டுமில்லை. பீரியட் நிக்கப் போற காலம். அதாலைதான் வேர்க்குது, மறக்குது, கோவம் வருது. அதுக்கு மருந்து பாக்கப் போறன். இனி அளவை எழுதி வைச்சுத்தான் வெட்டுவன். துணியை வைச்சிட்டுப் போங்கோ.”

இராஜதுரை மேசைக்கடியில் எதையோ தேடக் குனிந்தார், எதுவும் விழவில்லை. இந்திராதேவி துணியை வைத்தாள். பிறகு கிட்ட வந்து காதோடு சொன்னாள்: “அந்த மருத்துவிச்சியின்ரை நம்பரைத் தாரும். எனக்கும் மூண்டு வருசமா யன்னல் திறந்துதான் கிடக்கு.”

“சத்தமாக் கேளுங்கோ, அக்கா.”

இந்திராதேவி கடையைச் சுற்றிப் பார்த்தாள். சத்தமாகக் கேட்டாள்.

சிவாஜினி நம்பரைச் சொல்லத் தொடங்கியபோது இன்னும் மூன்று பெண்கள் கைத்தொலைபேசியை வெளியே எடுத்தார்கள்.