அஞ்சலை டீச்சர் வாங்கிய இரண்டு வெட்டு

அஞ்சலை வளர்ந்த வீட்டில் சாப்பாடு தவறினாலும் அடி தவறாது. திருமழிசையில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த தெரு. அப்பா கஜபதி குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். பெல்ட், விறகுக்கட்டை, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. ஒருநாள் கொதிக்கிற குழம்புச் சட்டியைத் தூக்கி அம்மாவின் தோளில் கவிழ்த்தார். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "நானேதான் கொட்டிக்கினேன்" என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பிரம்பால் விளாசிய கையோடு அஞ்சலை வீடு திரும்பினால், வாத்தியாரிடம் அடிவாங்கி வந்த குற்றத்துக்கு அதே கையில் இன்னொரு தவணை விழும்.

அதனால் அறிவியல் ஆசிரியை ஆனபோது அவள் மேசையில் பிரம்பு வைக்கவில்லை. "கை ஓங்காம இதுங்கள மேய்க்க முடியாது" என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. பல வருடங்கள் பிள்ளைகள் அவள் தலைமேல் ஏறி ஆடினார்கள். பிறகு அவள் வேலை பார்த்த திருமழிசை அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டுகளும் வந்தன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று மற்றவர்கள் உறை பிரிக்காமல் வைத்திருக்க, அஞ்சலை மாணவர்களோடு சேர்ந்து அதைத் தடவித் தடவியே கற்றுக்கொண்டாள். துடிக்கிற இதயத்தைச் சுவரளவு பெரிதாகக் காட்டினாள். கடைசி பெஞ்சு வாயைப் பிளந்து பார்த்தது. வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பாடத்தையும் டேப்லெட்டில் பதிவு செய்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் பழக்கமானது.

வினை அந்தக் குழுவில்தான் தொடங்கியது.

ஒன்பதாம் வகுப்பில் நாடித்துடிப்பு பாடம். பக்கத்தில் இருப்பவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணச் சொன்னாள். திவ்யாவின் மணிக்கட்டை கோகுல்நாத் பிடித்து எண்ணினான். எண்ணிக்கை தப்பிப்போய் இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். குழுவில் போட்ட வீடியோவிலிருந்து அந்தச் சிரிப்பை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, காதல் பாட்டு ஒட்டி, ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பொழுது விடிவதற்குள் அது தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கம்பெனியில் திவ்யாவின் அண்ணன் ஜெகன் வேலை பார்த்தான். அவனும் ஒரு காலத்தில் அஞ்சலையிடம் படித்தவன்தான்.

மறுநாள் லென்ஸ் பாடம். ஜன்னல்களைச் சாத்தி, போர்டின் வெளிச்சத்தில் ஒளிக்கதிர் வளைவதைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்த டேப்லெட் வழக்கம்போலப் பதிவு செய்துகொண்டிருந்தது. கதவை உதைத்துக்கொண்டு ஜெகன் உள்ளே வந்தான். கையில் ஹெல்மெட்.

"எவன்டா கோகுலு?"

"அண்ணா, வேணாம்ணா!" என்று திவ்யா அலறினாள். அதற்குள் பக்கத்துப் பையன்களின் கண் போன திசையை வைத்தே ஜெகன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். ஹெல்மெட் கோகுலின் நெற்றியில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம். பையன் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்தான். மறுபடியும் அடித்தான். சட்டையைப் பிடித்து இழுத்த தங்கையை முழங்கையால் இடித்துத் தள்ளினான். பெஞ்சு முனையில் வாய் மோதி, அவள் ரத்தம் துப்பினாள்.

அஞ்சலை ஓடிப்போய் நடுவில் நின்றாள். "ஜெகன், அது பாடம்டா. நான்தான் புடிக்கச் சொன்னேன்."

"ஒதுங்கு மிஸ். கம்பெனி பூரா என் தங்கச்சிய பாத்துகினு சிரிக்கிறானுங்க. எல்லாம் ஒன்னாலதான்."

அவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். கோகுலின் கழுத்தைக் குறிவைத்து வீசியதை அஞ்சலையின் வலது கை தடுத்தது. முழங்கைக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டுவரை சதை பிளந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததை அவளே பார்த்தாள். ரத்தம் போர்டின்மேல் தெறித்து, ஒளிக்கதிர்களின் மேல் வழிந்தது. பிள்ளைகள் பெஞ்சுகளின் மேலேறிக் கதறினார்கள்.

இடது கைக்கு இரும்பு ஸ்டூல் கிடைத்தது. அதைச் சுழற்றி ஜெகனின் முகத்தில் அடித்தாள். தாடை நொறுங்கி, பற்கள் தரையில் சிதறின. கத்தி கைநழுவியது. இரண்டாவது அடி முட்டியில் விழ, அவன் சாய்ந்தான். மூன்றாவது அடிக்குத் தேவையே இருக்கவில்லை. விழுந்து கிடந்தவன் விலாவில் அதையும் அடித்தாள். அடித்தபோது உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது; நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே அவளைப் பயமுறுத்தியது. ஸ்டூலை வீசி எறிந்தாள்.

ஆனால் வகுப்பு நிற்கவில்லை. பெரிய பையன்கள் குதித்து வந்து ஜெகனை மிதித்தார்கள். வயிற்றில், முகத்தில், தலையில். "நிறுத்துங்கடா!" என்று அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கோகுல்நாத் எழுந்து நின்றான். முகம் முழுக்க ரத்தம். கையில் அந்தக் கத்தி. அதிர்ந்து பேசாத பையன் அவன். இப்போது அவன் கண்ணில் யாரும் இல்லை, கீழே கிடந்தவனைத் தவிர.

அஞ்சலை ஜெகனின் மேல் குப்புற விழுந்து, தன் உடம்பால் அவனை மூடினாள். கத்தி அவளுடைய தோள்பட்டையில் பின்பக்கமாக இறங்கியது.

"மிஸ்..." என்றான் கோகுல். கத்தியைக் கீழே போட்டுவிட்டு வாந்தி எடுத்தான்.

பள்ளிக்கு வந்த போலீசிடம் வகுப்பே ஒரே வாயாகச் சொன்னது: இரண்டு வெட்டும் ஜெகன் வெட்டியது. அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தலைமையாசிரியர் ராஜசேகரனும் அதையே எழுதிக் கையெழுத்திட்டார். கோகுலின் அம்மா முனியம்மா கட்டிலருகே வந்து அஞ்சலையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏம் புள்ள உசுர குடுத்துட்ட தாயி." அஞ்சலை இன்னும் மயக்க மருந்தின் பிடியில் இருந்தாள்.

அவள் வீடு திரும்புவதற்குள் இன்னொரு வீடியோ ஊரைச் சுற்றி வந்துவிட்டது. திறந்து கிடந்த கதவு வழியாக, வராண்டாவில் நின்ற யாரோ எடுத்தது. அதில் கத்தி இல்லை, வெட்டு இல்லை. கீழே கிடக்கிற ஒருவனை டீச்சர் ஒருத்தி ஸ்டூலால் அடிப்பது மட்டும் இருந்தது. கல்வித்துறை அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது.

அவள் கணவர் மோகன், ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக். பள்ளியிலிருந்து அவளுடைய பையோடு வந்திருந்த டேப்லெட்டை அவர்தான் திறந்தார். கதவு உதைபட்டதிலிருந்து கத்தி இறங்கியது வரை எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. இருவரும் கடைசிவரை பார்த்தார்கள்.

"அந்தப் பையன் பண்ணதா இது?" என்றார் மோகன். அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "அந்த எடத்த மட்டும் வெட்டிட்டுப் போட்ரலாம். ஒம்மேல இருக்கற பழியும் போயிடும், பையனும் தப்பிச்சிப்பான்" என்றார்.

"வெட்டி ஒட்டுனதாலதான் இவ்ளோவும் வந்துச்சு."

"அப்ப மொத்தமா அழிச்சிடு. அவன் ரவுடிப் பய, உள்ள கெடக்கட்டும். ஒனக்கு இன்னா?"

"அவன் வெட்டுனது ஒண்ணுதாங்க. எங்கம்மா மாதிரி நானும் நடக்காதத சொல்லிட்டு வாழணுமா?"

மோகன் வெளியே போய், வாசலில் நின்ற பைக்கைத் துடைத்தார். பிறகு வந்து பைக் சாவியை எடுத்தார். "வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

டேப்லெட்டை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். மூன்றாவது அடி தற்காப்புக்காக அடித்ததல்ல என்றும் தன் வாயாலேயே சொன்னாள். "மேடம், இத நீங்க சொல்லணும்னு அவசியமில்ல" என்றார் அவர். "எழுதிக்குங்க சார்" என்றாள்.

அதன்பின் எதுவும் எளிதாக இருக்கவில்லை. முனியம்மா ஆட்களோடு வந்து வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "காப்பாத்தற மாதிரி காப்பாத்தி ஏம் புள்ளைய புடிச்சிக் குடுத்துட்டியேடி, நீ நல்லா இருப்பியா?" இரவோடு இரவாக ஜன்னல் கண்ணாடி உடைந்தது. ஜெகன் கொலை முயற்சி வழக்கில் சிறையில்தான் இருந்தான், தாடையில் கம்பி கட்டியபடி. இரண்டாவது வெட்டு மட்டும் அவன் கணக்கிலிருந்து நீங்கியது. மிதித்த பையன்களைப் போலீஸ் பெற்றோரோடு அழைத்து எச்சரித்து அனுப்பியது. கோகுல்நாத் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டியதாயிற்று.

சில மாதங்களில் விசாரணை முடிந்து, மூன்றாவது அடிக்காக ஒரு கண்டிப்போடு அஞ்சலைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. முதல் வாரத்தில் திவ்யாவின் அம்மா ராணி மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். திவ்யாவின் முன்பல் ஒன்று பாதியாக இருந்தது.

"ஒங்கள பாக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன் மிஸ். ஊரே சேந்து ரெண்டையும் ஏம் புள்ள தலையில கட்டுச்சு. நீங்க ஒருத்தர்தான் நடந்தத சொன்னீங்க. அதுக்காவ வந்தேன்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. எம் பொண்ணு மூஞ்சி இனிமே எந்த வீடியோலயும் வரக்கூடாது."

"யார் மூஞ்சியும் வராதும்மா" என்றாள் அஞ்சலை. அன்றிலிருந்து அவள் பதிவுகளில் போர்டும் அவள் குரலும் மட்டும்தான். போர்டில் எழுத இடது கையைப் பழக்கிக்கொண்டிருந்தாள். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை.

குழுமத்தின் கடைசி அமர்வுக்கு அவளும் போயிருந்தாள். பையனுக்காகப் பேச அவனுடைய வக்கீல் அவளைத்தான் அழைத்திருந்தார். ஆனால் அவள் வாய் திறப்பதற்கு முன்பே கோகுல் எழுந்து, "நான்தான் குத்துனேன். அவன கொல்லணும்னுதான் கத்திய எடுத்தேன்" என்று சொல்லிவிட்டான். நெற்றியில் தழும்பு. குரல் உடைந்து ஆண்பிள்ளைக் குரலாகியிருந்தது. மனநல ஆலோசனைக்குத் தவறாமல் போகவேண்டும் என்ற உத்தரவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வெளியே முனியம்மா அஞ்சலையைப் பார்க்காமல் ஷேர் ஆட்டோவை நோக்கி நடந்தாள். கோகுல் பின்தங்கி நின்றான்.

"கை வலிக்குதா மிஸ்?"

"மழை வந்தா வலிக்குது."

"தோளு?"

"அது ஆறிடுச்சுடா."

"டேய், வரியா இல்லியா?" என்று ஆட்டோவிலிருந்து முனியம்மா கத்தினாள். அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.