கம்பவுண்டர் கலக்கும் எரிபொருள்

சனிக்கிழமை காலையில் கம்பவுண்டரின் மனைவி, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவருடைய எரிபொருள் பாட்டில்களைக் கழுவினாள். விளக்கெண்ணெய்ப் பிசுக்கு சோப்புக்கு அசையவில்லை. பீரோக் கண்ணாடி துடைக்கிற நீலத் திரவத்தைப் பீய்ச்சிக் குடைந்ததும்தான் பளிச்சென்று ஆயிற்று. ஏழு பாட்டில்களையும் ஜன்னல் திட்டில் கவிழ்த்தாள்.

கம்பவுண்டருக்கு மருந்துக் கடையில் வேலை. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின் வைத்த குட்டி விமானங்களைப் பறக்க விடுவது ஞாயிற்றுக்கிழமைப் பித்து. மெத்தனால், விளக்கெண்ணெய், வேகத்துக்குக் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். மைதானத்தில் எல்லோருக்கும் அவர் கைக் கலவைதான். கையுறை போடாமல் தொடுகிறவனை விரட்டுவார். "மெத்தனால் தோல் வழியா உள்ளே போய்க் கண்ணைப் பறிச்சிடும். பத்திக்கிச்சுன்னா வெயில்ல தீயே தெரியாது" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். வீட்டில் மட்டும் வாய் திறந்ததில்லை. திறந்தால் எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைக்கச் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

விமானங்களுக்கு அவள் வைத்த பெயர் 'மூத்தாள்'. போன ஞாயிறு மைதானத்துக்குக் கூடப் போய், ஆறேழு பேர் இவர் பாட்டிலுக்காகக் காத்து நின்றதைப் பார்த்தபின் மூத்தாள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருந்தது.

"மூத்தாளைக் குளிப்பாட்டியாச்சு" என்றாள், அவர் உள்ளே வந்ததும். "அந்தப் பிசுக்குப் பாட்டில்லயா நாலு பேருக்கு ஊத்திக் குடுப்பீங்க? எனக்குல்ல மானம் போச்சு."

கம்பவுண்டருக்கு வாயெல்லாம் பல். ஒரு பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றது.

"எதைப் போட்டும்மா கழுவுன?"

அவள் காட்டிய நீலப் புட்டியின் பொடி எழுத்தைப் படித்தார். அமோனியா.

ஏதாவது சாக்குச் சொல்லி பாட்டில்களை அப்புறப்படுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் கழுவுவாளே.

"உக்காரு" என்றார். "அமோனியாவும் நைட்ரோமீத்தேனும் சேரவே கூடாது. சேர்ந்தா, ஒரு தட்டு தட்டினாலே வெடிக்கலாம். நைட்ரோமீத்தேன் இன்னும் கேன்லதான் இருக்கு, எதுலயும் ஊத்தலை, பயப்படாதே. தப்பு உன்னுது இல்ல. நான்தான் சொல்லியிருக்கணும்."

"எங்க இருக்கு அந்தக் கேன்?"

"நம்ம அலமாரில. கீழ்த்தட்டுல."

"என் துணிக்குக் கீழ."

"மூடி இறுக்கமாத்தான்..."

"ஊருக்கெல்லாம் மூணு வேளை, சாப்பாட்டுக்கு முன்னன்னு எழுதிக் குடுக்கற மனுஷன். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலை."

சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துத் திருப்பி, நகக்கண்களைப் பார்த்தாள்.

"மைதானத்துல சொன்னதைக் கேட்டேனே. கையுறை நீங்க போடறீங்களா, இல்ல ஊருக்கு உபதேசம்தானா?"

"போடறேன்."

"கண்ணு?"

"நல்லாத் தெரியுது. நீ கோபமா இருக்கறது உட்பட."

அவள் சிரிக்கவில்லை. கையையும் விடவில்லை.

"கேனை எங்கம்மா வைக்கட்டும்?" என்றார். பிறகு தணிந்த குரலில், "நிறுத்துன்னா நிறுத்திடறேன்."

அவள் அவர் கையை மெல்ல விட்டுவிட்டு, துண்டை எடுத்துத் தன் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, "நிறுத்த வேண்டாம். கேன் மட்டும் வீட்டுக்கு வெளியே போகட்டும். இனிமே எனக்கும் எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போனாள்.