நாலும் இழுக்கும் வண்டி

எங்கள் வண்டிக்கு நாலு சக்கரமும் இழுக்கும் என்று நான் முதல் நாள் சொன்னபோது, பக்கத்து வீட்டு லாரி டிரைவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம் தானே நைனா? உன்துல மட்டும் இன்னா விசேசம்?"

"மத்த வண்டியில பின்னாடி ரெண்டு தான் வேலை செய்யும் அண்ணாத்தே. முன்னாடி ரெண்டு சும்மா கூட வரும். என்துல அந்த சின்ன கியரை இழுத்தா நாலும் வேலை செய்யும்."

"அப்போ மத்த வண்டில்லாம் எங்க லாரி ஷெட்டு மாதிரின்னு சொல்லு. ரெண்டு பேரு இழுக்க, ரெண்டு பேரு கூட வர."

லாரிக்காரருக்கு எஞ்சினைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தைரியம் என்று நினைக்கலாம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். படித்தது எட்டாவது. ஆனால் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் சொந்தமாக நாலு சக்கர வண்டி வைத்திருந்தது நான் ஒருவன்தான். அந்தத் தைரியம்தான்.

வண்டி ஒரு கல்குவாரிக்காரரிடமிருந்து வந்தது. ஜீப்பு மூஞ்சி, பின்னால் நீளமாக மூடிய உடம்பு, எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட்டு. உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் பேசிக்கொள்ளும். பத்துப் பேர் போகலாம். என் மனைவியின் ஊரான வேப்பம்பட்டுக்குப் போகும்போது பதினாலு பேர் போயிருக்கிறோம். சாவியைக் கொடுக்கும்போது குவாரிக்காரர் இடது பெஞ்சைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: "அடியில ஒரு சாக்கு மூட்டை கீது. அத்த மட்டும் தூக்கிப் போட்ராதீங்க. வண்டியோட பலமே அதுல தான் கீது."

பலம் என்றால் நான் எடை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பலம் புளி, இரண்டு பலம் மிளகாய் என்று கடையில் கேட்டு வளர்ந்த காது அல்லவா? காலி வண்டி பின்னால் துள்ளாமல் இருக்கப் பழைய இரும்பைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். முடிவு இன்னும் உறுதியானது.

அந்த வண்டி என்னைக் கைவிட்டதில்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். மார்கழிக் குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் சிவக்கும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினால் இரண்டே இருமல், மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். பேட்டரி செத்துப்போன ஒரு மாதம் முழுக்க ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டே கிளப்பினேன். பூந்தமல்லி ரோட்டில் ஃபேன் பெல்ட் அறுந்தபோது மனைவியின் தங்கை தாவணியை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேர்ந்தோம். அவள் இன்றும் அந்தத் தாவணியைக் கேட்கிறாள். வேப்பம்பட்டில் அறுப்பு நேரத்தில் வரப்போரச் சேற்றில் இறங்கும்போது சின்ன கியரை இழுப்பேன். எஞ்சின் உறுமும், வண்டி நடை போடும், வெளியே வந்துவிடும். மாமனார் எல்லாரிடமும் "மாப்ள வண்டி நாலு காலுல நடக்குது" என்பார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், மறுபடி எப்போது மழை வரும் என்று பார்ப்பேன்.

ஒரே ஒரு குறை. இடது பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குக் கீழே 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். மனைவி மாதத்துக்கு ஒரு தரம் சொல்வாள்.

"இன்னாங்க, கீழ யாரோ கதவத் தட்டுற மாதிரியே கீது. பிரிச்சுத் தான் பாருங்களேன்."

"அது வெயிட்டும்மா. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

ஆறு வருஷம் கிடந்தது.

அந்த ஆறு வருஷத்தில் அவள் சும்மா இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் பரீட்சை எழுதிப் பன்னிரண்டாவது முடித்தாள். டைப்பில் லோயர் பாஸ் செய்தாள். அவள் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். இவளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் ஆபீஸ் வேலைக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வயது வரம்பு முடிய மூன்று மாதம் இருந்தது. அடுத்த தரம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

குறித்த நாளுக்கு முன்பு மூன்று நாள் விடாமல் மழை. அன்று காலையில் பஸ் வரவில்லை என்று தெருவே திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் மட்டும் தலை வாரிக்கொண்டு நின்றேன். "பஸ்ஸுக்கு ரெண்டு சக்கரம் தான் இழுக்கும். நீ ஏறு" என்றேன். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். எட்டுக்குக் கிளம்பினோம்.

எட்டு ஐந்துக்குத் தெரு முனையில் மாட்டினோம்.

டெலிபோன் கேபிளுக்குத் தோண்டி, அரைகுறையாக மூடியிருந்த பள்ளம். முன் சக்கரம் தாண்டிவிட்டது. பின் சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின. நான் சிரித்துக்கொண்டே சின்ன கியரை இழுத்தேன். எஞ்சின் உறுமியது. சேறு மேலே பறந்தது. வண்டி இன்னும் நாலு விரற்கடை இறங்கியது. மறுபடி, மறுபடி. மனைவி சர்டிபிகேட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக் கீழே இறங்கி நின்று பார்த்தாள்.

"இன்னாங்க, முன் சக்கரம் சுத்தவே இல்லியே."

"சுத்தும். நீ சரியாப் பாரு."

"அதான் பாத்துகினு தானே கீறேன். பின்னாடி ரெண்டு தான் சுத்துது."

லாரி டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குனிந்தார், முட்டி போட்டார், பிறகு கணுக்கால் தண்ணீரில் அப்படியே மல்லாக்கப் படுத்து முன் சக்கரங்களுக்கு நடுவே தலையை விட்டார். வெளியே வந்த முகத்தில் சிரிப்பை அடக்கிய அடக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"நைனா, முன்னாடி சக்கரத்துக்கு எஞ்சின்லருந்து ஒரு ஜாயிண்ட் ராடு போவணும். அது எங்க?"

"எங்கன்னா?"

"இல்ல. கழட்டிட்டு கீறாங்க. டீசல் மிச்சம் பண்றதுக்கு அப்படி செய்வாங்க. இத்தினி வருசமா உன்துலயும் ரெண்டு பேரு சும்மா கூடத் தான் வந்துகினு இருந்தாங்க மாமே!"

வேப்பம்பட்டுச் சேற்றில் அந்தச் சின்ன கியர் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் இழுப்பைக் கூட்டியிருக்கிறது. ஆயில் மாற்றிய மெக்கானிக்கெல்லாம் பார்த்திருப்பான். எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பான். தெருவே கூடி நின்றது. எனக்குப் பள்ளம் போதவில்லை, இன்னும் ஆழமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்போது மனைவி டிரைவரிடம் கேட்டாள்:

"அண்ணே, அந்த ராடு எவ்ளோ நீளம் இருக்கும்?"

அவர் கையை விரித்துக் காட்டினார். அவள் வண்டிக்குள் ஏறி இடது பெஞ்சைத் தூக்கினாள். சாக்கு மூட்டையை இழுத்து, கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கிரீஸ் தடவின ராடு, புதுசு போல. பக்கத்திலேயே ஒரு புகையிலை டப்பாவில் எட்டு போல்ட்டும் நட்டும். குவாரிக்காரர் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் கொடுத்திருக்கிறார். பலம் என்று அவர் பலத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

அவள் என்னைத் திட்டவில்லை. "மணி எட்டேகால்" என்று மட்டும் சொன்னாள்.

டிரைவரும் நானும் தண்ணீரில் படுத்தோம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிச் சுற்றித் துளைக்குத் துளை சேர்த்தோம். அவள் ஒரு கையில் குடையை எங்களுக்குப் பிடித்துக்கொண்டு மறு கையால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினாள், எண்ணிச் சொல்லிக்கொண்டே. "அஞ்சு. ஆறு. இன்னும் ரெண்டு." எட்டாவது போல்ட் இறுகியபோது ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஏறி உட்கார்ந்து சின்ன கியரை இழுத்தேன். இந்தத் தரம் நான் சிரிக்கவில்லை. முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. பள்ளத்திலிருந்து வண்டி எழுந்தது, மாடு எழுந்திருப்பதுபோல, பின்பக்கத்தை உதறிக்கொண்டு.

அயனம்பாக்கம் ஏரி ஓரம் ரோடு எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. திருவேற்காடு தாண்டும்வரை அவள் தலையை வெளியே நீட்டி ஓரத்துக் கல்லைப் பார்த்து வழி சொன்னாள். கல்லூரி வாசலில் நிறுத்தியபோது பத்தேகால். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் வந்து சேரவில்லை, அதனால் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம். முந்தானையிலிருந்த கிரீஸ் கறையை உள்பக்கம் மடித்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த மழையில் எப்படி வந்தீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "நாலு சக்கரத்துலயும் வந்தோம் சார்" என்றாளாம். புரியாமல் பார்த்திருக்கிறார்கள். ராடு, சாக்கு மூட்டை, ஆறு வருஷ டொக் டொக், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரே சிரிப்பு. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலை கிடைத்தது. மேசை, நாற்காலி, மேலே ஒரு ஃபேன்.

மழை நின்றதும் ராடோடு ஓட்டிப் பார்த்தேன். வண்டி டீசலைக் கொஞ்சம் கூடவே குடித்தது. "கழட்டிடு நைனா, காஞ்ச ரோட்டுல அது எதுக்கு?" என்றார் டிரைவர். நான் மனைவியைப் பார்த்தேன்.

"கழட்டுங்க. ஆனா அதே சாக்குல, அதே எடத்துல இருக்கணும். ஸ்பேனரும் அதுகூடவே."

அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்த வண்டி எங்களோடு இருந்தது. இடது பெஞ்சின் கீழே டொக் டொக்கும் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. ஐப்பசியில் முதல் மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டதும், ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளும் செருப்பைத் தேடிக்கொண்டே அவள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

"இன்னாங்க, பலத்த மாட்டியாச்சா?"